லாந்தர் நரி விற்ற அக்கா

அந்த அக்கா சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். கோபம் வந்தால் கத்துகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் வீடு முழுக்க அவர்கள்தான். கத்தி முடித்த கையோடு காபி கேட்பார்கள். இந்த அக்காவுக்குக் கோபம் வந்தால் முகம் மலர்ந்துவிடும், குரல் இளகிவிடும். "பரவால்ல, விடுங்க" என்பார். அந்த "விடுங்க"வைக் கேட்டு நிம்மதியாக நடையைக் கட்டியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பெயரை எழுதவில்லை. அது அவருடைய கட்டளை. "என்னப் பத்தி எப்பவாச்சும் எழுதுனா பேரப் போட்றாத கண்ணு. இன்னும் சில பேரு பாக்கி இருக்கறாங்க, உஷாராயிடுவாங்க" என்று ஒருமுறை சொன்னார். கேலி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பட்டியல் அவர் மனதில் உண்மையாகவே இருந்தது.

நாங்கள் இருவரும் ஓசூரில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தோம். கம்பெனி பஸ் ஊத்தங்கரையில் கிளம்பும். அக்கா சாமல்பட்டியில் ஏறுவார், நான் கிருஷ்ணகிரியில். பக்கத்து சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். என் அப்பா கிரானைட் பட்டறை வேலைக்காக அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். வீட்டுப் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் "அவுக வந்தாக" என்று ஆரம்பித்தாலே போதும், "வந்தாக, உக்காந்தாக, ஊறுகா தின்னாக" என்று அக்கா ராகம் போடுவார்.

ஊறுகாய் என்றதும் பஸ் டிரைவர் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மழை நாளில் அக்கா ஓடி வருவதைப் பார்த்தும் டிரைவர் நிறுத்தாமல் போய்விட்டார். அன்றைய கூலி போயிற்று. மறுநாள் அவர், "கவனிக்கலம்மா" என்றார். "பரவால்ல, விடுங்கண்ணா" என்று அக்கா சிரித்தார். மாம்பழ சீசன் வந்தது. அக்கா ஒரு டப்பா நிறைய மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கடைசி சீட்டிலிருந்து பரிமாறிக்கொண்டே முன்னால் போனார். டிரைவர் சீட்டுக்கு வரும்போது டப்பா காலி. "அடடா, தீந்துபோச்சேண்ணா, நாளைக்குக் கொண்டாறன்" என்றார். மறுநாளும் கடைசி சீட்டிலிருந்துதான் ஆரம்பித்தார். சீசன் முழுக்க அந்த மனிதர் வாசனையை மட்டும் மூக்கில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டினார். கடைசியில் அவரே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "அன்னிக்கு மழைல உன்னப் பாத்துட்டும் நிறுத்தாமப் போனன், அதுக்குத்தானம்மா? தப்புதான்" என்றார். அக்கா பைக்குள் கையை விட்டு, மூடி திறக்காத ஒரு பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்தார். சீசன் பூராவும் அந்த பாட்டில் பையிலேயே இருந்திருக்கிறது.

"என்னக்கா, இவ்வளவு சீக்கிரம் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஞாபகம் வெச்சிருக்கறவன உட்டுடலாம் கண்ணு. செஞ்சிட்டு மறந்துட்டுத் திரியறான் பாரு, அவனத்தான் உடக்கூடாது."

நாத்தனார் விஷயம் இன்னும் நீளமானது. சிங்காரப்பேட்டையில் ஒரு காதுகுத்தில், "வேற சேல கெடைக்கலியா?" என்று நாத்தனார் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். வெளுத்துப்போன ஒரு பச்சைச் சேலை அது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்த கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் அக்கா அதே பச்சைச் சேலையில்தான் போனார். போனதோடு சரியா? போட்டோ எடுக்கும்போது சரியாக நாத்தனார் பக்கத்தில் போய் நின்றார். பட்டுக்கு நடுவே அந்தப் பச்சை இல்லாத ஒரு ஆல்பம் அந்த வீட்டில் கிடையாது. நாத்தனாரின் பேத்தி கல்யாணம் வரைக்கும் அந்தச் சேலை தாங்க வேண்டுமே என்பதுதான் அக்காவின் ஒரே கவலை. அலசும்போதுகூட முறுக்கிப் பிழிய மாட்டார்.

எனக்கு மன்னிப்பில் பெரிய நம்பிக்கை கிடையாது. யார் மன்னிக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எப்போதும் அடித்தவர்கள் பக்கத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள். அதனால்தான் அக்காவை எனக்கு அவ்வளவு பிடித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் ஒரு போன் விளையாட்டில் கிடந்தார்கள். போனை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் திரையில் விதவிதமான பிராணிகள் வரும். பிடித்துக் கூண்டில் அடைக்கலாம், தீனி போட்டு வளர்க்கலாம். உள்ளேயே ஒரு சந்தை உண்டு, அங்கே விற்றால் தங்கம் கிடைக்கும். அந்தத் தங்கத்துக்கு வெளியில் ஒரு டீ கூட வராது. விளையாட்டுக்குள் கூண்டும் தீனியும் வேறு பிராணியும்தான் வாங்கலாம். பிராணிகளுக்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத பெயர்கள். நாங்களே இட்லி, சொட்டைக் கோழி, கோணவாயன் என்று வைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ரகம். சூளகிரி மலை ஓரம் வருவது உத்தனப்பள்ளிப் பக்கம் வராது. கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குள் போய்விட்டால் ரகமே மாறிவிடும். பெங்களூர்ப் பையன்கள் இந்தப் பக்கத்துப் பிராணிக்கு ஏங்குவார்கள், எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்துப் பிராணிக்கு. பஸ்ஸிலேயே பாதி மாவட்டத்தைத் தினமும் சுற்றிவந்த அக்காவுக்குச் சந்தையில் தங்கம் கொட்டியது. வாரக் கடைசியில் பெங்களூரில் டைல்ஸ் வேலை பார்க்கும் கணவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கத்து ரகத்தையும் அள்ளிக்கொண்டு வருவார்.

பிடித்த பிராணிக்கு நாம் ஒரு பெயர் வைக்கலாம். அக்கா யார் மேல் கோபமோ அவர்கள் பெயரைத்தான் வைப்பார். "இன்னைக்கு எங்க நாத்தனார வித்துட்டன்" என்பார் காலையில். "எவ்வளவுக்கு?" என்றால், "அடிமாட்டு வெலைக்குத்தான். அதுக்கு மேல அவ பெறுவாளா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

ஒருமுறை பெங்களூர்க்காரன் ஒருவன் நோஞ்சான் பிராணி ஒன்றை நல்ல பிராணி என்று அக்கா தலையில் கட்டிவிட்டான். அக்கா அவனுக்கு ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தார். அதன்பின் அவன் சந்தையில் எதைக் கேட்டாலும் அக்கா ஒரு தங்கம் கூடுதலாக வைத்து எடுத்துவிடுவார். அவனுக்குப் பிடித்த ரகம் எல்லாம் அக்கா கூண்டில். கடைசியில் அவன் கன்னடத்தில் நீளமாக என்னவோ திட்டி எழுதினான். அக்கா பதிலுக்கு, "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாடு ஆயிற்றா என விசாரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பையனை எங்கள் சந்தைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

இதெல்லாம் சில்லறை. அசல் ஆள் எங்கள் லைன் இன்சார்ஜ். அவனுக்கு மரியாதை விகுதி போட எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்டபோது, "நிச்சயம் உனக்கா, அண்ணனுக்கா?" என்று கேட்டு இரண்டு ஷிப்ட் சேர்த்துப் போட்டவன். அக்காவுக்கு அவன் செய்ததோடு ஒப்பிட்டால் இது கொசுக்கடி.

அந்தக் கதையை அக்கா ஒரு காலையில் சூளகிரி தாண்டும்போது சொன்னார். நான் சேர்வதற்கு முன்பு நடந்தது. அப்போது அக்கா பர்மனென்ட் ஆகும் தறுவாயில் இருந்தார். போர்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அனுப்புவது அவர் வேலை. ஒரு லாட் போர்டுகளில் சால்டர் பற்று விரிசல் விட்டிருந்தது. அனுப்பக்கூடாது என்பதற்கான சிவப்பு ஸ்டிக்கரை அக்கா டிரேயில் ஒட்டினார். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. பெங்களூர் ஆபீசிலிருந்து போன் மேல் போன். "ஆய்த்து சார், களிஸ்தீனி" என்று, இதோ அனுப்புகிறேன் எனக் கன்னடத்தில் பேசிக்கொண்டே இன்சார்ஜ் வந்து, தன் நகத்தாலேயே அந்த ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு டிரேயை அனுப்பினான். வாங்கிய கம்பெனி லாட்டைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் காலை மீட்டிங்கில் கெட்டுப்போன போர்டைக் கையில் கொடுத்து அக்காவை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்தான். "கண்ணு தெரியலன்னா சொல்லிடணும்மா, இப்பிடி எங்க பொழப்புல மண்ணப் போடக்கூடாது" என்றான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்காவுக்கு பிரேக் என்று சொல்லி, வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பல மாதம் கழித்து வேறு கான்ட்ராக்டர் மூலம் அக்கா அதே கம்பெனிக்குத் திரும்பி வந்தார். புது டோக்கன் நம்பர், புது அட்டை. பழைய சர்வீஸ் எல்லாம் தண்ணீரில் போயிற்று. அவரோடு வேலை பார்த்த பெண்கள் பர்மனென்ட் ஆகி நீலப் பட்டையில் அட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். அக்கா கழுத்தில் கான்ட்ராக்ட்டின் மஞ்சள் பட்டை. ஊரில் வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுவிட்டது. கான்ட்ராக்ட் ஆளுக்கு எந்த பேங்க் லோன் கொடுக்கும்?

"திட்டுனது கூடப் பரவால்ல கண்ணு" என்றார் அக்கா. "அந்த ஸ்டிக்கர நகத்துல சொரண்டுனான் பாரு, அப்ப என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. நான் அங்கதான் நிக்கறன்."

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அக்கா, அந்த ஆள என்ன பண்ணப் போறீக?" என்று கேட்டேன். அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "அவனுக்கு எது மேல ஆசன்னு பாத்துக்கிட்டு இருக்கறன்" என்றார்.

அவன் ஆசை ஊருக்கே தெரியும். அவனும் அந்த விளையாட்டில் ஊறியவன். எங்கள் வட்டாரத்தில் அவனிடம் இருந்த அளவு பிராணிகள் வேறு யாரிடமும் இல்லை. டீ பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கேன்டீன் நடுவே நின்று, பிள்ளை படத்தைக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டுவான். ஒன்று போதும் என்ற மனமே கிடையாது. யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தது. வாலில் விளக்கு எரியும் ஒரு குட்டி நரி. லாந்தர் நரி என்று பெயர் வைத்திருந்தோம். சந்தையில் படம் மட்டும்தான் இருக்கும், சரக்கு இருக்காது. அக்கா அதைக் கண்டுபிடித்த விதம் அவருக்கே உரியது. அது போகிற வருகிறவர்கள் கண்ணில் படாது. ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாமல் இருப்பவர்களுக்குத்தான் வரும், அதுவும் சில இடங்களில் மட்டும். சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் பஸ்ஸுக்காக வெகு நேரம் முன்னதாகவே வந்து உட்காருவது அக்கா வழக்கம். பஸ்ஸை ஒருமுறை தவறவிட்டவர் ஆயிற்றே. எல்லோரும் பிராணியைத் தேடி ஓடிக்கொண்டிருந்த விளையாட்டில், சும்மா உட்கார்ந்திருந்த அவருக்கு அது தானாக வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே விற்றிருப்பார்கள். அக்கா பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்தார். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சந்தையில் சம்பாதித்த தங்கத்தில் பாதியைக் கூண்டு வாங்கவும் தீனி வாங்கவும் போட்டார். "எதுக்குக்கா இத்தன?" என்றேன். "ஒண்ண வெச்சு ஆசையத்தான் காட்ட முடியும் கண்ணு" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒருநாள் கேன்டீனில், இன்சார்ஜ் டீ ஆற்றிக்கொண்டிருந்த மேஜைக்கு அருகில் உட்கார்ந்து, ஒரே ஒரு நரியை மட்டும் திரையில் வைத்துத் தீனி போட்டார். அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

"இது எங்கம்மா புடிச்ச?"

"ஆனேக்கல் பக்கம் சார். ஊட்டுக்காரரப் பாக்கப் போனப்ப. அத்திப்பள்ளியில எறங்கி உள்ள போவணும்."

அன்றிலிருந்து அவன் வாரவிடுமுறை எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் கழிந்தது. வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு ஆனேக்கல், சந்தாபுரம் என்று சுற்றிவிட்டு, திங்கட்கிழமை கழுத்து கறுத்து வருவான். "கெடைக்கல" என்பான். "ஏரிக்கரைப் பக்கம் பாத்தீங்களா சார்?" என்று அக்கா அக்கறையாகக் கேட்பார். அடுத்த வாரம் ஏரிக்கரை. அதற்கடுத்த வாரம் தைலமரத் தோப்பு. எனக்குப் பூதக்கண்ணாடிக்குள் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் பிழைத்தேன்.

தேடிச் சலித்துப்போய் விலைக்குக் கேட்டான். அக்கா பிடிகொடுக்கவில்லை. கெஞ்சினான். கடைசியில் ஒருநாள் எங்கள் மேஜைக்கு அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "பர்மனென்ட் லிஸ்ட் ரெடி பண்றாங்கம்மா. நான் சொன்னா சேத்துக்குவாங்க. உன் டோக்கன் நம்பர் சொல்லு. அந்த நரிய மட்டும் எனக்குக் குடுத்துடு" என்றான்.

அவன் போனதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். "குடுத்துருங்கக்கா. உங்ககிட்டதான் எத்தனையோ கெடக்கே. வீடு முடிஞ்சிரும்க்கா. பழி வாங்குறது அப்புறம் பாத்துக்கிடலாம்."

அக்கா கையை உருவிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எனக்கு வர வேண்டியதப் புடுங்கிக்கிட்டு, இப்ப அதையே எனக்கு லஞ்சமாக் குடுக்கறானா? நான் வாங்கிக்கிட்டா அன்னிக்கு அவன் செஞ்சதுக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும் கண்ணு. நீ பேசாம இரு."

மறுநாள் அவனிடம், "லிஸ்ட்டெல்லாம் வேணாம் சார், எனக்கு வெளயாட்டுத் தங்கம் போதும்" என்றார். ஒரு விலை சொன்னார். அவன் அதுவரை வளர்த்த அத்தனையையும் விற்றால்தான் அந்த விலை தேறும். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வருஷக்கணக்காகத் தீனி போட்டு வளர்த்ததை எல்லாம் சந்தையில் கொட்டினான். அவசரத்தில் விற்கிறவனுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? நல்ல நல்ல ரகத்தை எல்லாம் அக்கா என் போனிலிருந்தும் இன்னும் இரண்டு பெண்கள் போனிலிருந்தும் பாதி விலைக்கு வாங்கினார். அந்தத் தங்கம்தான் சுற்றிக்கொண்டு மறுபடி அக்காவிடமே நரியின் விலையாக வந்தது.

ஒரு காலை டீ பிரேக்கில் விற்பனை முடிந்தது. லாந்தர் நரி அவன் திரையில் வாலை ஆட்டியது. கேன்டீன் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வாங்கப்பா, பாருங்கப்பா, இந்த ஏரியாவுலயே ஒண்ணுதான்" என்றான். சமையல்காரர் கரண்டியோடு வந்து பார்த்தார். பெங்களூர் ஆபீசுக்குப் படம் அனுப்பினான். அவன் முகம் பூரித்திருந்தது. அக்காவும் கூட்டத்தில் நின்று, "ராசியான நரி சார்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அக்கா போனை எடுத்தார். கூண்டிலிருந்த நரிகள் முழுவதையும் சந்தையில் இறக்கினார். ஒரு நரி ஒரு இட்லியின் விலை. விளையாட்டு இட்லி, எல்லாவற்றிலும் மலிவானது. சாம்பார் ஆறுவதற்குள், சந்தைக்குப் புதுச் சரக்கு வந்த அறிவிப்பில் கேன்டீன் முழுக்கப் போன்கள் கூவின. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்காரர், பாவம், சூதுவாது தெரியாதவர், இன்சார்ஜிடம் ஓடி வந்து போனை நீட்டினார். "சார், எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது சார்! உங்களுது மாதிரியே!"

சாயங்கால டீக்குள் லாந்தர் நரி இல்லாத ஆளே கம்பெனியில் இல்லை. தட்டு கழுவுகிறவரிடம் இரண்டு இருந்தது. இன்சார்ஜ் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல உட்கார்ந்திருந்தான். எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்: இனித்தது. அக்கா அந்தப் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எத்தனை பேர் தரையைப் பார்த்தார்களோ, அத்தனை பேரும் இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம் என்று எனக்கு ஒரு துளியும் தோன்றவில்லை.

தோன்றியது வேறொன்று. அக்காவின் பர்மனென்ட் அன்றோடு போயிற்று. அவன் அந்தக் கம்பெனியில் இருக்கும்வரை அவருக்கு மஞ்சள் பட்டைதான். "இப்ப அவன் உங்கள விடுவானாக்கா?" என்று கேட்டேன். "உட மாட்டான்" என்று அக்கா ஒத்துக்கொண்டார். "ஆனா இன்னைக்கு வந்து கேப்பான் பாரு. ஏன் பண்ணேன்னு கேப்பான். அதுக்குத்தான் இத்தன நாளும்."

ஷிப்ட் முடிந்து எல்லோரும் தொப்பியையும் மாஸ்க்கையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தோம். அக்கா சொன்னபடியே அவன் வந்தான். சண்டைக்கு வருவான் என்று நான் அக்காவை ஒட்டி நின்றுகொண்டேன். அவன் கத்தவில்லை. உண்மையாகவே குழம்பிப் போயிருந்தான்.

"நான் உனக்கு என்னம்மா பண்ணேன்?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். இந்தக் கேள்விக்காகத்தான் மாதக்கணக்கில் அந்த ஸ்டேஷன் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் தயாராக இருந்தது.

"திரும்பி வந்த அந்த லாட்டு சார். நான் செவப்பு ஸ்டிக்கரு ஒட்டி வெச்சிருந்தன். நீங்க பிச்சிட்டு அனுப்பிட்டு, மறுநா மீட்டிங்ல போர்டக் கையில குடுத்து நிக்க வெச்சீங்களே. கண்ணு தெரியலன்னீங்களே."

அவன் நெற்றியைச் சுருக்கினான். ஞாபகப்படுத்திக்கொள்ள உண்மையாகவே முயன்றான்.

"அந்த லாட்டா? அது வேற பொண்ணும்மா. அது அப்பவே நின்னு போயிடுச்சே. சாமல்பட்டியோ எங்கயோ இருந்து வரும்..."

"அது நான்தான் சார்."

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். மாஸ்க் இல்லாத அந்த முகத்தை அப்போதுதான் முதல்தடவை பார்க்கிறவன் போலப் பார்த்தான். புது டோக்கன், புது அட்டை, புது ஆள் என்றே இத்தனை நாளும் இருந்திருக்கிறான்.

"அது நீயா?" என்றான். "ஓ. சரி சரி." பிறகு போனை எடுத்துக்கொண்டே, "அப்ப, இந்த நரியத் திருப்பி எடுத்துக்கறியா? பாதி வெல குடுத்தாக்கூடப் போதும்" என்றான்.

அக்கா திரும்பி நடந்தார். பஸ்ஸில் ஏறித் தன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். டிரைவர் வண்டியை எடுத்தார். சிப்காட் கேட்டைத் தாண்டி ஹைவேயில் ஏறும்வரை அக்கா எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார்.

"கண்ணு," என்றார். "இப்பதான் எனக்கு நெஜமாலுமே கோவம் வருது."